தேடுபொறிகளின் கதை – 11: உலகை விவரிக்கும் ஆசையும் ஒரு சிறிய ஒப்பந்தமும்

சென்ற வாரம் பேஜ்ரேங்க் வரை வந்திருந்தோம். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களுக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்டு, 1998இல் கூகுள் தேடலின் போக்கையே மாற்றியது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு பக்கம் எவ்வளவு முக்கியமானது என்று சொல்லுமே தவிர, அது எதைப் பற்றியது என்று சொல்லாது. ‘தாஜ்மஹால்’ என்று தட்டினால் ஆக்ராவின் நினைவு மாளிகை, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் இருந்த சூதாட்ட விடுதி, அந்தப் பெயரிலேயே புகழ்பெற்ற ப்ளூஸ் இசைக்கலைஞர், ஊருக்கு ஊர் இருக்கும் உணவகங்கள் எல்லாமே எந்திரத்துக்கு ஒரே எழுத்துக்கோவைதான். இவை வேறு வேறு பொருள்கள், ஒன்று கட்டடம், ஒன்று மனிதர், ஒன்று கடை என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், உலகில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, ஒவ்வொரு வகைக்கும் என்னென்ன பண்புகள் உண்டு, வகைகளுக்குள் என்ன உறவு என்று எந்திரம் படிக்கும்படி யாராவது எழுதித் தர வேண்டும். அப்படி எழுதிய வரையறையைத்தான் கணினித் துறையில் ஆன்டாலஜி என்கிறார்கள். தேடுபொறிகளுக்குக் கடைசியில் கைகொடுத்த ஆன்டாலஜி, உலகை முழுமையாக விவரிக்கப் புறப்பட்டது அல்ல என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆசைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, பக்கம் எழுதுகிறவருக்குச் சுமையைக் குறைத்துப் பலனைக் கூட்டிய பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கியது.

கதை வலைக்கு முன்பே தொடங்குகிறது. 1984இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், எம்.சி.சி. என்ற கூட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் லெனட் ‘சைக்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். எந்தப் புத்தகமும் மெனக்கெட்டு எழுதிவைக்காத பொது அறிவை, அதாவது பிள்ளையைவிடத் தாய்க்கு வயது அதிகம், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது என்பது போன்றவற்றை, ஒவ்வொரு வாக்கியமாகக் கையால் எழுதி எந்திரத்துக்குள் ஏற்றுவதே திட்டம். அது எவ்வளவு கடினம் என்பதற்கு லெனட் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி போதும். மனிதர்களுக்கு மின்சாரப் பாகங்கள் கிடையாது என்று சைக்குக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஃப்ரெட் என்பவர் மின்சார ரேசரால் சவரம் செய்துகொள்கிறார் என்ற தகவல் வந்ததும், சவரம் செய்யும் ஃப்ரெட்டுக்கு மின்சாரப் பாகம் இருப்பதாக அது கணக்குப் போட்டது. அப்படியென்றால் அந்த நேரத்தில் அவர் மனிதர்தானா என்று கேட்டது. ஒவ்வொரு விதியும் ஏதோ ஓர் எல்லைக்குள்தான் செல்லும். அந்த எல்லையையும் எழுத வேண்டும். அதற்கும் ஓர் எல்லை இருக்கும். சைக் இதற்குக் கண்ட வழி, அறிவைச் சிறு சிறு சூழல்களாகப் பிரித்துவைப்பது. இரத்தக் காட்டேரிகள் இல்லை என்பது ஒரு சூழலின் உண்மை. டிராகுலா ஓர் இரத்தக் காட்டேரி என்பது கதை என்ற இன்னொரு சூழலின் உண்மை. இந்தச் சூழல் கோட்பாட்டை முறைப்படுத்தி அதிலேயே ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் ராமநாதன் குஹா. சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற குஹா, 1987 முதல் 1994 வரை லெனட்டுக்கு அடுத்த நிலையில் இருந்து சைக்கை வழிநடத்தினார். அடுத்த கால் நூற்றாண்டில் இந்தத் துறையின் ஏறக்குறைய எல்லாத் திருப்பங்களிலும் அவர் பெயர் வருகிறது.

சைக்கில் வேலை பார்த்த இன்னொருவர் ஸ்ரீநிஜா ஸ்ரீனிவாசன். 1995இல் யாஹூவின் ஐந்தாவது ஊழியராகச் சேர்ந்த அவருக்கு ‘ஆன்டாலஜிக்கல் யாஹூ’ என்றே பதவிப் பெயர். ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994இல் பொழுதுபோக்காகத் தொகுக்கத் தொடங்கிய தளப் பட்டியலை ஒழுங்கான வகைப்பாடாக மாற்றுவது அவர் பொறுப்பு. பதினான்கு பெருந்தலைப்புகள், அவற்றின் கீழ் கிளைகள், கிளைகளின் கீழ் கிளைகள் என்று அது வளர்ந்தது. மனிதர்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்த்து அதற்குரிய கிளையில் உட்கார வைத்தார்கள். சில ஆண்டுகள் வலைக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. அந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் சில தலைப்புகளின் வால் நுனியில் ‘@’ குறி ஒட்டியிருக்கும். இந்தத் தலைப்பின் உண்மையான இருப்பிடம் வேறொரு கிளை, இங்கே காட்டியிருப்பது ஒரு சுட்டுதான் என்று பொருள். நூல்களும் இலக்கியமும் பொழுதுபோக்கின் கீழ் வருமா, கலைகளின் கீழ் வருமா என்ற கேள்வியை மரவடிவ வகைப்பாட்டால் தீர்க்க முடியாததால் அந்தக் குறி தேவைப்பட்டது. மரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தாய்க்கிளைதான். உலகப் பொருள்கள் அப்படி இல்லை.

இந்தச் சிக்கலைக் கணினி வருவதற்கு முன்பே ஒருவர் சென்னையில் தீர்த்துவைத்திருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். முன்கூட்டியே வரைந்த மரத்தில் ஒரு புத்தகத்துக்கு இடம் தேடுவதை அவர் விட்டுவிட்டார். அந்தப் புத்தகம் எந்தப் பொருளைப் பேசுகிறது, அந்தப் பொருளின் எந்தச் செயலைப் பேசுகிறது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்று முகம் முகமாகப் பிரித்து, பிரித்தவற்றைக் குறிகளால் கோத்து எண் அமைத்தார். புத்தகத்தை எந்த முகத்தின் வழியாகவும் அணுகலாம். இன்று ஆன்லைன் கடையில் சேலை தேடும்போது துணி, நிறம், விலை, ஊர் என்று பக்கவாட்டில் வடிகட்டுகிறோமே, அந்த முறைக்கு நூலகவியலில் அவர்தான் முன்னோடி. யாஹூ மரத்தையே நம்பியது. பக்கங்கள் கோடிக்கணக்கில் பெருகியபோது, உட்காரவைக்கும் கைகளும் போதவில்லை, கிளைகளும் போதவில்லை. தன்னார்வலர்களை வைத்து 1998இல் தொடங்கிய ஓபன் டைரக்டரி கைகளின் பற்றாக்குறையை ஓரளவு சமாளித்தது. கிளைகளின் பற்றாக்குறை அதற்கும் தீரவில்லை. யாஹூ டைரக்டரி 2014 இறுதியில் மூடப்பட்டது, ஓபன் டைரக்டரி 2017 மார்ச்சில்.

சைக்கிலிருந்து வெளியேறிய குஹா வேறு வழியில் போனார். அறிவையெல்லாம் ஓரிடத்தில் குவிக்காமல், ஒவ்வொரு தளமும் தன் உள்ளடக்கத்தைத் தானே எந்திரத்துக்கு விவரிக்கட்டும் என்பது அவருடைய புதிய நிலைப்பாடு. ஆப்பிளில் இதற்காக எம்.சி.எஃப். என்ற வடிவத்தை அமைத்தார். அங்கே அது கைவிடப்பட்டதும் 1997இல் நெட்ஸ்கேப்புக்குப் போய், டிம் ப்ரேயுடன் சேர்ந்து அதை எக்ஸ்.எம்.எல். வடிவுக்கு மாற்றினார். அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பில் பலர் கைபட்டு 1999 பிப்ரவரியில் ஆர்.டி.எஃப். என்ற தரமாக வந்தது. எந்தத் தகவலையும் பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்று உறுப்புகளாகச் சொல்வதே அதன் சாரம்: கோலன் பகுப்பு முறை, ஆசிரியர், ரங்கநாதன். இதற்கு அடுத்த மாதமே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் வாதத்துக்கு முக்கியமான சான்று. நெட்ஸ்கேப்பின் முகப்புப் பக்கத்தில் பிற தளங்களின் தலைப்புச் செய்திகளைக் காட்ட, ஆர்.டி.எஃப். அடிப்படையில் ஆர்.எஸ்.எஸ். உருவாக்கப்பட்டது. ஒரு சிறு கோப்பு எழுதிவைத்தால் தங்கள் செய்தி நெட்ஸ்கேப்பில் தெரியும் என்பதால் தளங்கள் ஆர்வமாக எழுதின. அந்த ஆண்டு ஜூலையில் வந்த அடுத்த பதிப்பு ஆர்.டி.எஃப். பகுதியையே கழற்றிவிட்டு, இன்னும் எளிதாகி, இன்னும் வேகமாகப் பரவியது. கோட்பாட்டு அழகு குறைந்ததற்காக எந்தத் தள உரிமையாளரும் வருந்தவில்லை. பலன் கண்ணுக்குத் தெரிந்தால் எழுதுவார்கள், எழுதுவது எளிதாக இருந்தால் எல்லோரும் எழுதுவார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் துறை எதிர்த்திசையில் பன்னிரண்டு ஆண்டு நடந்தது. 2001 மே மாதம் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் ‘செமான்டிக் வெப்’ என்ற கனவை வரைந்தார்கள். ஒரு அண்ணனும் தங்கையும் தாயின் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய, அவர்களுடைய மென்பொருள் முகவர்களே மருத்துவமனைத் தளங்களையும் காப்பீட்டு விவரங்களையும் படித்து நேரம் குறித்துத் தரும் காட்சி அதில் வருகிறது. இதற்காக 2004இல் ஆவல் (OWL) என்ற ஆன்டாலஜி மொழி தரமாக அறிவிக்கப்பட்டது. தர்க்கவியலில் பயின்றவர்களுக்கு அது மிகச் சிறந்த கருவி. மருத்துவச் சொற்றொகுதிகளும் உயிரியல் தரவுத்தளங்களும் அதனால் பெரும்பயன் அடைந்தன. ஒரு சமையல் தளத்தையோ பேருந்துக் கால அட்டவணையையோ நடத்துகிறவருக்கு அதில் தொட ஒன்றுமில்லை. பக்கத்தில் எழுதிவைத்தால் அதைப் படிக்க யாருமில்லை, படிக்க யாருமில்லாததால் எழுதவும் யாருமில்லை.

ஆட்சேபங்கள் வலுவாக வந்தது இந்தக் காலத்தில்தான். கோரி டாக்டரோ 2001இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் பொய் சொல்வார்கள், சோம்பேறிகள், தங்களைப் பற்றியே அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே அவர்கள் தரும் விவரக்குறிப்பை நம்பித் தேடலைக் கட்ட முடியாது என்றார். 2006இல் பாஸ்டனில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டில், பெர்னர்ஸ்-லீ பேசி முடித்ததும் கூகுளின் பீட்டர் நார்விக் எழுந்து இதையே அவரிடம் வேறு வடிவில் கேட்டார்: திறமையின்மை, போட்டி, ஏமாற்று ஆகிய மூன்றையும் என்ன செய்வீர்கள்? இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. தொண்ணூறுகளில் பக்கத்தின் தலைப்பகுதியில் முக்கியச் சொற்களைக் குறிக்க ஒரு குறிச்சொல் இருந்தது. அதை நம்பிய தேடுபொறிகள், சம்பந்தமே இல்லாத சொற்களை நூற்றுக்கணக்கில் அடைத்த பக்கங்களால் நிரம்பின. அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது.

2008இல் யாஹூவின் சர்ச்மங்கி, 2009 மே மாதம் கூகுளின் ரிச் ஸ்னிப்பெட் இரண்டும், படிக்க யாருமில்லாததால் எழுத யாருமில்லை என்ற சுழற்சியை உடைத்தன. பக்கத்தில் விவரம் குறித்துவைத்தால் தேடல் முடிவில் நட்சத்திர மதிப்பீடும் விலையும் தெரியும்; தெரிந்தால் மக்கள் சொடுக்குவார்கள். நெட்ஸ்கேப் காலத்துப் பாடம் திரும்ப வந்தது. ஆனால் ஒவ்வொரு தேடுபொறியும் வெவ்வேறு சொற்றொகுதியைக் கேட்டதால் தள உரிமையாளர் ஒரே தகவலை இரண்டு மூன்று விதமாக எழுத வேண்டியிருந்தது. 2011 ஜூன் 2 அன்று கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்றொகுதியை வெளியிட்டன. அந்த ஆண்டே ரஷ்யாவின் யாண்டெக்ஸும் இணைந்தது. முன்னின்று நடத்தியவர், 2005இல் கூகுளுக்கு வந்திருந்த குஹா. முதல் பதிப்பில் 297 வகைகளும் 187 உறவுகளும் இருந்தன. அவரும் டேன் பிரிக்லியும் ஸ்டீவ் மெக்பெத்தும் 2015இல் எழுதிய கட்டுரையின்படி அவை 638 வகைகளாகவும் 965 உறவுகளாகவும் வளர்ந்துவிட்டன; ஆயிரம் கோடிப் பக்கங்களை எடுத்துப் பார்த்ததில் 31.3 சதவீதத்தில் ஸ்கீமா குறிப்பு இருந்தது. செமான்டிக் வெப் இயக்கம் பத்து ஆண்டில் எட்டாத பரவல் இது.

ஒரு சாம்பார் செய்முறைப் பக்கத்தை வைத்து இதன் இயக்கத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் ‘30 நிமிடம்’ என்று எங்கோ எழுதியிருக்கிறது. அது பருப்பு வேகும் நேரமா, புளி ஊறும் நேரமா, மொத்த நேரமா என்று படிக்கிறவருக்குத் தெரியும், எந்திரத்துக்கு உறுதியாகத் தெரியாது. பக்கத்தின் மூலநிரலில் வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பகுதியில், இது ‘ரெசிபி’ வகை, தயாரிப்பு நேரம் இவ்வளவு, சமைக்கும் நேரம் இவ்வளவு, பொருள்கள் இவை, ஆசிரியர் இன்னார், அவர் ‘பெர்சன்’ வகை என்று பண்புக்கு ஒன்றாக எழுதிவைப்பார்கள். ஆசிரியர் என்ற பண்பை ரெசிபிக்கென்று தனியாக வரையறுக்கவில்லை. ரெசிபி என்பது ‘செய்முறை’ வகையின் பிள்ளை; செய்முறை என்பது ‘படைப்பு’ வகையின் பிள்ளை; படைப்புக்கு ஆசிரியர் உண்டு என்று மேலே ஒருமுறை சொல்லிவிட்டால், நாவலுக்கும் ஓவியத்துக்கும் சாம்பாருக்கும் அது வழிவழியாக இறங்கி வந்துவிடும். யாஹூ மரத்தில் இருந்த சிக்கலும் இங்கே இல்லை. ஊர்க்கடை என்ற வகைக்கு ‘நிறுவனம்’, ‘இடம்’ என்று இரண்டு தாய்கள். நிறுவனம் என்பதால் அதற்கு நிறுவியவர் உண்டு. இடம் என்பதால் வரைபடத்தில் ஒரு புள்ளியும் உண்டு. எது உண்மையான இருப்பிடம் என்று யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமானது, ஸ்கீமா.ஆர்க் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த விஷயங்கள். ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு மனிதரின் முழு விவரம் வர வேண்டும். வெறும் பெயரை எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஒரு பண்பு எந்தெந்த வகைக்கு வரலாம் என்பதைக் கண்டிப்பான விதியாகச் சொல்லாமல் எதிர்பார்ப்பாகவே சொல்கிறது. தப்பாக எழுதினால் நிராகரிப்பு இல்லை. புரிந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளும். தர்க்கவியலாளர்கள் இதைக் குறையென்றே கருதினார்கள், கருதவும் அவர்களுக்கு நியாயம் உண்டு: இப்படித் தளர்ந்த வரையறையை வைத்துக்கொண்டு எந்திரம் நம்பகமாக அனுமானம் செய்ய முடியாது. ஆனால் எழுதுகிற தளங்கள் லட்சக்கணக்கில் இருக்க, படிக்கிற தேடுபொறிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிக்கலை எழுதுகிறவர் பக்கம் வைத்தால் லட்சம் பேர் தடுமாறுவார்கள். படிக்கிறவர் பக்கம் வைத்தால் சில நூறு பொறியாளர்கள் சமாளிப்பார்கள். சைக்கில் ஏழு ஆண்டு கண்டிப்பான தர்க்கத்தோடு மல்லுக்கட்டிய ஒருவர் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நார்விக்கின் மூன்று கேள்விகளுக்கும் இங்கேதான் பதில் கிடைக்கிறது. திறமையின்மைக்குப் பதில், மேலே சொன்ன தளர்வு. போட்டிக்குப் பதில், போட்டியாளர்களே ஒரே மேசையில் உட்கார்ந்தது. ஏமாற்றுக்குப் பதில் கொஞ்சம் நுட்பமானது. பொய்யை யாரும் ஒழிக்கவில்லை, பொய்யின் பரிசைத்தான் சுருக்கினார்கள். குறிப்பு எழுதியதற்காகப் பக்கம் தரவரிசையில் மேலே போகாது, காட்சி மட்டும்தான் மாறும். குறிப்பில் சொன்னது வாசகர் பார்க்கும் பக்கத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காட்சி பறிக்கப்படும். அப்படியும் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டன. 2019 செப்டம்பரில் கூகுள், நிறுவனங்களும் ஊர்க்கடைகளும் தங்கள் தளத்திலேயே தங்களைப் பற்றி வெளியிடும் மதிப்பீட்டுக்கு நட்சத்திரம் காட்டுவதை நிறுத்தியது. டாக்டரோ சொன்னது மனித இயல்பைப் பற்றி முழுக்கச் சரி. அந்த இயல்பைக் கணக்கில் வைத்து அமைத்த முறையும் நிற்கும் என்பது அவர் காணாத பகுதி.

இன்னொரு ஆட்சேபம் இன்று அதிகம் கேட்கிறது: எந்திரங்களே உரைநடையைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது வகையும் பண்பும் எதற்கு? நார்விக்கும் அலோன் ஹாலவியும் ஃபெர்னாண்டோ பெரேராவும் 2009இலேயே, கையால் எழுதும் ஆன்டாலஜியைவிடப் பெருந்தரவு வலிமையானது என்று வாதாடினார்கள். 2019இல் கூகுள் தேடலுக்குள் பெர்ட் மொழி மாதிரி வந்தபோது அந்த வாதம் பெருமளவு மெய்யானது. ஆனால் 2012 மே மாதம் கூகுள் அறிவித்த நாலெட்ஜ் கிராஃபை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கோடிப் பொருள்கள், அவற்றைப் பற்றிய முந்நூற்றைம்பது கோடித் தகவல்கள். ஒவ்வொரு தாஜ்மஹாலுக்கும் அங்கே தனி அடையாள எண். இதன் அடித்தளங்களில் ஒன்று, 2010இல் கூகுள் வாங்கிய ஃப்ரீபேஸ் என்ற கூட்டுமுயற்சித் தரவுத்தளம். உரைநடையிலிருந்து தானாகவே தகவல் பிரித்தெடுக்க கூகுள் ஆய்வாளர்கள் 2014இல் நாலெட்ஜ் வால்ட் என்ற முறையை உருவாக்கியபோது, எந்திரத்துக்கு எது உண்மை என்று பயிற்சி தர அவர்கள் பயன்படுத்தியதும் ஃப்ரீபேஸைத்தான். பெருந்தரவின் பக்கம் நின்றவர்களுக்கே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வகைமை தேவைப்பட்டது. படித்துப் புரிந்துகொள்வது ஒரு வேலை. படித்தது எந்த மனிதரைப் பற்றி, எந்த ஊரைப் பற்றி என்று உறுதி செய்வது வேறு வேலை. ரங்கநாதனைப் பற்றித் தமிழில் எழுதிய பக்கமும் ஜெர்மனில் எழுதிய பக்கமும் ஒரே மனிதரைப் பேசுகின்றன என்பதை ஓர் அடையாள எண் ஒரே வரியில் தீர்த்துவைக்கிறது.

எனக்குப் பதில் இல்லாத ஆட்சேபமும் ஒன்று உண்டு. பொதுச் சொற்றொகுதி என்கிறோம், விவாதங்களும் திறந்த வெளியில்தான் நடக்கின்றன. ஆனால் எந்தக் குறிப்புக்குப் பலன் தருவது என்பதைத் தேடுபொறி நிறுவனம் தனியாக முடிவு செய்கிறது. கேள்வி-பதில் பகுதிகளைக் குறித்துவைத்தால் முடிவில் விரிவாகக் காட்டுவோம் என்ற உறுதியை நம்பி எண்ணற்ற தளங்கள் உழைத்தன. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தக் காட்சியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. மற்றவர்கள் உழைப்பு ஒரே அறிவிப்பில் பயனற்றுப்போனது. தளங்கள் எழுதித் தந்த விவரத்தை முடிவுப் பக்கத்திலேயே காட்டிவிட்டால், அந்தத் தளத்துக்குள் யாரும் வர வேண்டியதில்லை என்ற குறையும் இதோடு சேர்ந்தது. இது ஒப்பந்தம் என்றால், ஒரு தரப்பு மட்டுமே நிபந்தனைகளை மாற்றக்கூடிய ஒப்பந்தம்.

ஆகவே அந்த அடையாள எண்கள் யார் வசம் இருக்கின்றன என்ற கேள்வி சிறியது அல்ல. ஃப்ரீபேஸை மூடப்போவதாகவும் அதன் தரவை விக்கிடேட்டாவுக்குத் தரப்போவதாகவும் 2014 டிசம்பரில் கூகுள் அறிவித்தது. 2012இல் பிறந்த விக்கிடேட்டா எந்த வணிக நிறுவனத்துக்கும் சொந்தமானது இல்லை; ஆனால் ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் கேட்பது அதன் வழக்கம். ஃப்ரீபேஸின் தகவல்களில் பெரும்பகுதிக்கு அப்படிச் சுட்டக்கூடிய ஆதாரம் இருக்கவில்லை. அந்தக் கைமாற்றத்தில் எது வந்து சேர்ந்தது, எது வழியில் நின்றுபோனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.